அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் தோற்றமும் வளர்ச்சியும்

பாடசாலைப் படிப்பை முடித்த மாணவனொருவன் பல்கலைக்கழகம் புகாது நின்றுவிடுவானாயின், அவனுக்கு அறிவு போதாதென்றே ஊரார் கூறுவர். உண்மை பெரும்பாலும் வேறாயிருக்கும். பல்கலைக்கழகம் இருநூறு மைலுக்கு அப்பால் இருந்திருக்கும். அங்கே தங்கி உண்பதற்கு வேண்டிய பணம் தந்தையிடம் இல்லாதிருந்திருக்கும். அன்றி, அவனது உழைப்பையே எதிர்பார்த்து வீட்டிற் சிறியோர் சிலர் இருந்திருப்பர். இவ்விடையூறுகளைப் பொதுப் பணத்தைக்கொண்டு நீக்கிவிடலாம் என்னும் எண்ணத்தை ஒரு நாடு முழுவதிலும் நிறுவன வடிவிற் செயற்படுத்திப் பார்த்தவர் அமெரிக்கர். அம்முயற்சியின் பயனே இன்று சமுதாயக் கல்லூரி என வழங்கும் நிலையம். முன்னாளில் அதன் பெயர் கனிட்ட கல்லூரி என்பது. அதன் வரலாறு ஈகையின் வரலாறு மாத்திரமன்று. ஏழை மாணவருக்கு வாயிலைத் திறந்துவைத்த கைகளுட் சில, அவர்களைப் பல்கலைக்கழகத்தின் உள்ளறைக்கு வராமற் காக்கவும் விரும்பின. அவ்விரு நோக்கங்களும் ஒரே நிலையத்துள் ஒருங்கே குடியிருந்தமையே இவ்வரலாற்றின் சுவையும் சிக்கலும் ஆகும்.

கனிட்ட கல்லூரியின் தந்தையெனப் போற்றப்படுபவர் வில்லியம் றெயினி ஹாப்பர். 1856 ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த இவர் பத்து வயதிற் கல்லூரி புகுந்து, பதினான்கு வயதிற் பட்டம் பெற்று, பதினெட்டு வயதின்கண் யேல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் எய்தியவர். எபிரேய மொழியில் வல்லுநர். எண்ணெய்ச் செல்வராகிய றொக்பெல்லரின் பெருங்கொடையால் எழுந்த சிக்காகோப் பல்கலைக்கழகத்திற்கு 1891 இல் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். ஜேர்மனிய நாட்டுப் பல்கலைக்கழகங்களே அக்காலத்து அமெரிக்க அறிஞருக்கு இலட்சியமாய் விளங்கின. அங்கே மாணவர், பொதுக்கல்வி முழுவதையும் 'ஜிம்னாசியம்' என்னும் உயர்தரப் பாடசாலையில் முடித்துக்கொண்டே பல்கலைக்கழகம் வருவர். வந்தவர் நேரே ஆராய்ச்சியில் இறங்குவர். அமெரிக்காவிலோ நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதலிரண்டு ஆண்டுகள் பாடசாலைக் கல்வியின் தொடர்ச்சியாகவே கழிந்தன. ஹாப்பர் தம் பல்கலைக்கழகத்துப் பட்டப்படிப்பை இரு கூறாக்கி, முற்கூற்றினைக் கனிட்ட கல்லூரி என்றும் பிற்கூற்றினைச் சிரேட்ட கல்லூரி என்றும் வழங்கச் செய்தார். முற்கூற்றை முடித்தவருக்கு ஒரு சிறு பட்டம் அளிக்கும் வழக்கமும் அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கே தொடங்கிற்று. இன்று சமுதாயக் கல்லூரிகள் வழங்கும் இரண்டாண்டுப் பட்டத்துக்கு மூலம் அதுவே.

ஹாப்பரின் நோக்கம் வெளிப்படையானது. முதலிரண்டு ஆண்டுகளின் சுமையைப் பிற நிலையங்கள் ஏற்குமாயின் பல்கலைக்கழகம் தன் உண்மைப் பணியாகிய ஆராய்ச்சியை மேற்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. 1900 ஆம் ஆண்டில் நாட்டின் ஆசிரியர் பேரவையின் முன் உரையாற்றியபோது, பணமும் நூல்நிலையமும் இன்றி நலியும் சிறிய கல்லூரிகள் நான்காண்டுப் பட்டத்தை வீணே தாங்கி நிற்பதைவிட, இரண்டாண்டுப் படிப்போடு அமைந்து அதனைச் செவ்வையாகச் செய்தல் நன்றென எடுத்துரைத்தார். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத் தலைவர் ஜோர்டன் 1907 இல் ஒருபடி மேற்சென்று, தம் பல்கலைக்கழகத்தில் முதலிரண்டு ஆண்டு வகுப்புக்களையே நீக்கிவிடலாம் எனத் தருமகர்த்தாக்களிடம் விதந்துரைத்தார். அவ்விதப்புரை நிறைவேறவில்லை. இப்பெருமக்கள் ஏழைகளின்பால் இரக்கமற்றவரல்லர். ஆயினும் அவர் கண் முதலிற் பல்கலைக்கழகத்தின் நலத்தையே நோக்கிற்று என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

சிந்தனை பல்கலைக்கழகத்திற் பிறந்ததாயினும், அது செயலானது ஓர் உயர்தரப் பாடசாலையில். சிக்காகோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய நாற்பது மைல் தொலைவில் ஜோலியற் என்னும் நகர் உள்ளது. சுண்ணக்கல் அகழ்விடங்களும் உருக்காலைகளும் நிறைந்த உழைப்பாளர் பட்டினம் அது. அங்குள்ள பாடசாலையின் மேற்பார்வையாளராயிருந்த ஜே. ஸ்ரான்லி பிறவுண் என்பார் ஹாப்பரின் நண்பர். தம் மாணவருட் பலர் திறமையிருந்தும் வீட்டைவிட்டுப் புறப்பட வசதியற்றிருத்தலை அவர் நாடோறும் கண்டவர். பாடசாலைப் படிப்புக்கு மேல் ஈராண்டுக் கல்லூரிப் பாடங்களை அதே கட்டடத்திற் கற்பிப்பதென்றும், அதனைப் பல்கலைக்கழகம் மதிப்பளித்து ஏற்பதென்றும் இருவரும் உடன்பட்டனர். 1901 இல் வகுப்புத் தொடங்கியபோது வந்து சேர்ந்த மாணவர் ஆறு பேர். மறுவருட இறுதியிற் பாடசாலைச் சபை இப்படிப்பை முறையாக அங்கீகரித்துக் கட்டணமின்றி வழங்கவும் இசைந்தது. கனிட்ட கல்லூரி என்னும் பெயர்கூட அதற்கு உடனே சூட்டப்படவில்லை. பல ஆண்டு கழிந்தே வந்தது. இன்றுவரை நிலைத்திருக்கும் பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது என்னும் பெருமை ஜோலியற்றுக்கே உரியது. ஆறு மாணவரோடு தொடங்கிய ஒரு வகுப்பை எந்தப் பத்திரிகையும் பெரிதாகப் பேசுவதில்லை. பாடசாலை ஆசிரியரின் முயற்சிகள் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகின்றன.

இவ்விடத்து, நம்மவருக்குப் பழகிய மற்றொரு வழியை ஒப்பு நோக்குதல் தகும். லண்டன் பல்கலைக்கழகம் 1858 இல், எக்கல்லூரியிலும் பயிலாதவரும் தன் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என விதித்தது. இலங்கையில் 1921 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும் அப்பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. அதன் வாயிலுக்கு வெளியே நின்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இரவு விளக்கொளியிற் படித்து அதே பட்டத்தை ஈட்டினர். லண்டன் முறை பரீட்சையை உலகெங்கும் அனுப்பியது. ஆனால் ஆசிரியரை அனுப்பவில்லை. ஹாப்பர் தாமும் சிக்காகோவில் அஞ்சல்வழிக் கல்வியைப் பல்கலைக்கழகப் பணியாக ஏற்று நடத்தியவர். ஆயினும் ஜோலியற்றில் எழுந்தது வேறொன்று. அங்கே மாணவன் உறங்கும் ஊருக்கே ஆசிரியரும் ஆய்வுகூடமும் வந்தன. தனியே நூலோடு போராடிப் பட்டம் பெற்றவர் எவரும் இவ்வேறுபாட்டின் பெறுமதியைச் சொல்லாமலே உணர்வர். பின்னர் 1969 இல் இலங்கையிலும் கனிட்ட பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயரில் இரண்டாண்டுப் படிப்பு நிலையங்கள் தோன்றிச் சில ஆண்டுகளுள் மறைந்தன. அது தனியே ஆராய்தற்குரியது.

நிற்க. ஜோலியற்றில் முளைத்த விதை செழித்து வளர்ந்த நிலம் கலிபோர்ணியா. பரந்த மாநிலம் அது; பல்கலைக்கழகங்களோ வடபாற் கடற்கரையை ஒட்டி அமைந்திருந்தன. 1907 இல் மாநிலச் சட்டசபை உறுப்பினர் கமினெற்றி கொண்டுவந்த சட்டம், உயர்தரப் பாடசாலைகள் கல்லூரிப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளையும் கற்பிக்கலாம் என்று அனுமதித்தது. அனுமதியைத் தந்த சட்டம் பணத்தைத் தரவில்லை. இச்செய்தி நம்மவர்க்கும் புதிதன்று. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த பிறெஸ்னோ நகரத்தவர் 1910 இல் முதன்முதல் அச்சட்டத்தைப் பயன்படுத்தினர். தம் பிள்ளைகள் எளிதிற் சென்று பயிலத்தக்க உயர்கல்வி நிலையம் எதுவும் அண்மையில் இல்லை என்பதே அவர் காட்டிய நியாயம். பேக்கிளியிலிருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேராசிரியர் அலெக்சிஸ் லாங்கே இவ்வியக்கத்துக்கு உறுதுணையாய் நின்றார். 1917 இல் மாநிலப் பணமும், 1921 இற் கனிட்ட கல்லூரிகளுக்கெனத் தனி மாவட்டங்களை அமைக்கும் உரிமையும் வந்தபின், கல்லூரி பாடசாலையின் மாடியறையை விட்டுத் தன் சொந்த வளவுக்குக் குடிபெயர்ந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பல்கலைக்கழகக் கிளை வேறிடம் பெயர்ந்தபோது அது விட்டுச் சென்ற கட்டடங்களிலேயே 1929 இல் ஏறத்தாழ 1,300 மாணவருடன் கனிட்ட கல்லூரி தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே பொருளாதார வீழ்ச்சி நாட்டைச் சூழ்ந்தது. வேலை கிடையாத இளைஞர் வேறு போக்கிடமின்றிக் கட்டணமில்லாக் கல்லூரிகளை நாடி வந்தனர். வறுமை, இந்நிலையங்களின் வளர்ச்சிக்கு உரமாயிற்று.

இனி, அங்கே கற்பிக்கப்பட்டது யாது என நோக்குவாம். ஆதியில் அது பல்கலைக்கழகப் பாடங்களின் பிரதியே. ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, கணிதம், இரசாயனம், பௌதிகம், ஒரு பிறமொழி ஆகியவற்றை ஈராண்டு பயின்று, குறித்த அளவு மதிப்பலகுகளைச் சேர்த்துக்கொண்டு மாணவன் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சேர்வான். இதனை மாற்றுப் படிப்பு என்பர். ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்வதால் அப்பெயர். ஆனால் வந்தவர் எல்லோரும் மாறிச் செல்லவில்லை. ஆகவே 1920 களிலிருந்து, ஈராண்டோடு முடிவுறும் தொழிற்படிப்புக்களையும் கல்லூரித் தலைவர்கள் விரும்பிச் சேர்த்தனர்: கணக்குப்பதிவு, சுருக்கெழுத்து, வரைபடக்கலை, இயந்திரத் திருத்தம், விவசாயம் என்பன. 1920 இற் கனிட்ட கல்லூரிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டபின் இப்போக்கு வலிமை பெற்றது. மாணவரோ நெடுங்காலம் இவற்றில் நாட்டங் கொள்ளவில்லை. தம் பிள்ளை சட்டத்தரணியாகவோ வைத்தியனாகவோ வரவேண்டுமென்று ஆசைப்பட்ட தொழிலாளத் தந்தையர், தச்சுவேலை கற்பதற்கு அவனைக் கல்லூரிக்கு அனுப்ப இசைவரா? ஆயினும் தொழிற்படிப்புக்களுள் ஒன்று உண்மையிலேயே சிறந்து விளங்கியது. கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்றட் மொன்ராக் என்னும் அம்மையார், வைத்தியசாலைகள் மூன்றாண்டு பயிற்றிய தாதியரைக் கல்லூரியில் இரண்டாண்டிற் பயிற்றலாமென வாதித்து, 1952 இற் சில கல்லூரிகளில் அதனைப் பரிசோதித்தார். அதற்கு முன், தாதியாகப் பயின்ற பெண் வைத்தியசாலை விடுதியிற் கட்டுண்டு கூலியில்லாத ஊழியையாகவே பெரிதும் உழைத்தாள். புதிய முறையிற் கலியாணமான பெண்களும் பிள்ளை பெற்றோரும் வீட்டிலிருந்தே வந்து பயின்றனர். அந்நாட்டுத் தாதியரிற் பெருந்தொகையினர் இன்று அவ்வழியே வந்தவர்.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இக்கல்லூரிகளின் முதற்றலைமுறை ஆசிரியர் பெரும்பாலும் உயர்தரப் பாடசாலையிலிருந்து உயர்த்தப்பட்டவர். வாரத்திற் பதினைந்து மணி நேரம் வகுப்பெடுப்பதே அவர் கடமை, ஆராய்ச்சி எதிர்பார்க்கப்படவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியன் முந்நூறு பேர் நிறைந்த மண்டபத்திற் பேசிவிட்டுப் போக, கனிட்ட கல்லூரி ஆசிரியன் முப்பது கட்டுரைகளைச் சிவப்பு மையினால் திருத்தினான். கற்பித்தலே தலையாய பணியாக மதிக்கப்பட்ட உயர்கல்வி நிலையம் இதுவொன்றே என்று அதன் நண்பர் கூறுவது மிகையன்று. பிற்காலத்தில் இம்மதிப்புத் தேய்ந்தது. இன்று அக்கல்லூரிகளிற் கற்பிப்போரிற் பெரும்பாலார் பகுதிநேர ஆசிரியர். காலை ஒரு கல்லூரியிலும் மாலை முப்பது மைலுக்கப்பால் மற்றொன்றிலும் வகுப்பெடுத்து, இடையே காரிலிருந்து உணவருந்தும் இவர்களை 'நெடுஞ்சாலையிற் பறப்போர்' என்று கலிபோர்ணியாவிற் பரிகசிப்பர். பரிகாசத்துக்குரியவர் அவர்கள்தாமா என்பது வேறு.

மாணவர் வாழ்க்கையோ பல்கலைக்கழக வாழ்க்கையினின்றும் முற்றும் வேறானது. விடுதி இல்லை, ஆதலின் இரவில் நீளும் விவாதங்களும் இல்லை. காலை எட்டு மணிக்கு வந்து, நண்பகலில் வேலைக்கோடி, மீண்டும் மாலையில் வகுப்புக்கு வருவர் பலர். வளவினுள் மிகப் பெரிய வெளி, விளையாட்டு மைதானமன்று. கார்கள் நிறுத்தும் இடமே. எனினும் பத்திரிகையும் மாணவர் மன்றமும் நாடக மேடையும் அங்கே இருந்தன. விளையாட்டு மிகச் செழித்தது. பசடீனாக் கனிட்ட கல்லூரியில் 1937 முதல் 1939 வரை பயின்ற ஜக்கி றொபின்சன், 1938 இல் நீளம் பாய்தலில் 25 அடி 6½ அங்குலம் பாய்ந்து, தம் தமையன் மக் றொபின்சன் நாட்டியிருந்த சாதனையை முறியடித்தார். அத்தமையன் 1936 இற் பேர்லின் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் ஜெசி ஓவன்சுக்கு அடுத்ததாக வந்தவர். அவரும் அக்கல்லூரியின் மாணவரே. ஜக்கி அங்கிருந்து பல்கலைக்கழகம் சென்று, 1947 இல் நீக்ரோவருக்கு அடைபட்டிருந்த உயர்நிலைப் பேஸ்போல் ஆட்டத்தின் கதவைத் திறந்தார். கதவுகளைத் திறந்த மாந்தரிற் சிலர் திறந்த கதவினூடே வந்தவரென்பதும் உண்மை.

அதே கலிபோர்ணியாவில் ஒரு நாள் அக்கதவு அடைபட்டதுமுண்டு. 1941 திசம்பரில் யப்பான் பேள் துறைமுகத்தைத் தாக்கிய பின், மறு ஆண்டு வசந்தத்தில் மேலைக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவர் யாவரும், அவருட் பெரும்பாலார் அமெரிக்க மண்ணிற் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை உடையவராயிருந்தும், இராணுவ ஆணையால் வீடு துறந்து பாலைநிலத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கனிட்ட கல்லூரிகளிற் பயின்ற பிள்ளைகளும் தவணை முடியுமுன் வகுப்பிலிருந்து எழுந்து போயினர். பெயர் கூப்பிடும்போது விடையிறுக்க ஆளில்லாத வரிசைகளை அவர்தம் ஆசிரியர் கண்டனர். 2009 இற் கலிபோர்ணியச் சட்டசபை, அவ்வாறு படிப்பிழந்தோருக்கு மாநிலக் கல்லூரிகளும் சமுதாயக் கல்லூரிகளும் கௌரவப் பட்டம் வழங்குமாறு சட்டமியற்றியது. அப்பொழுது உயிரோடிருந்தவர் எண்பது வயதைக் கடந்திருந்தனர். ஏனையோருக்காகப் பிள்ளைகளும் பேரரும் பட்டத்தை ஏற்றனர்.

போர் முடிவு வேறொரு வெள்ளத்தைக் கொணர்ந்தது. 1944 ஆம் ஆண்டின் போர்வீரர் சட்டத்தினால், போரினின்று மீண்டவர் இருபத்திரண்டு இலட்சம் பேர் அரசாங்கச் செலவிற் கல்லூரி புகுந்தனர். படிக்க மாட்டார் என எண்ணப்பட்ட வகுப்பினர் நன்றாகவே படித்தமை கண்டு பேராசிரியர் வியந்தனர். அவ்வியப்பின் நடுவே சனாதிபதி ட்றூமன் 1946 இல் உயர்கல்வி ஆணைக்குழுவொன்றை நியமித்தார். தலைவர் ஜோர்ஜ் சூக். 1920 இற் கனிட்ட கல்லூரிகளின் முதல் மாநாட்டைக் கூட்டுவதில் அரசாங்கக் கல்விப் பணியகத்தின் சார்பில் முன்னின்றவரும் அவரே. 1947 இறுதியில் வெளிவரத் தொடங்கிய ஆறு பாக அறிக்கை, நாட்டு மக்களிற் குறைந்தது நூற்றுக்கு 49 பேர் பதினான்காண்டுக் கல்வியை முடிக்கும் ஆற்றலுடையவர் என்று கணித்தது. அவர்களுக்காகக் கட்டணமில்லாத பொதுக் கல்லூரிகளின் வலையொன்றை நாடெங்கும் விரிக்கவேண்டும் என்றது. கனிட்ட என்னும் சொல் தாழ்வை உணர்த்துவதால், தான் அமைந்த ஊரின் தேவைகளுக்குப் பணிபுரியும் நிலையத்தைச் சமுதாயக் கல்லூரி என வழங்குதலே பொருத்தம் என்ற கருத்தும் அவ்வறிக்கையாற் பரவிற்று. நிறபேதப் பாடசாலைகளையும் அது கண்டித்தது. தென்மாநிலங்களைச் சேர்ந்த உறுப்பினர் நால்வர் அப்பகுதிக்கு இணங்க மறுத்துத் தம் மறுப்பை எழுதிவைத்தனர். கட்டணமில்லாமை பற்றிய விதப்புரையும் நாடு முழுவதுக்குமாக நிறைவேறவில்லை.

அடுத்த திருப்பம் 1960. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பெருங்கூட்டம் கல்லூரி வாயிலை அணுகிக்கொண்டிருந்தது. கலிபோர்ணியப் பல்கலைக்கழகத் தலைவர் கிளாக் கேர் முதலானோர் வகுத்த திட்டத்தின்படி, பாடசாலை முடித்தோரில் எட்டிலொரு பங்கினரான மிகத் திறமையாளர் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றிலொரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவர். எஞ்சிய எவரும் கனிட்ட கல்லூரியிற் சேரலாம். அங்கே நன்கு படித்தோர் மூன்றாம் ஆண்டில் மேனிலையங்களுக்கு மாறலாம். மாநில மக்களிடம் படிப்புக் கட்டணம் அறவிடப்படாது. உலகெங்குமிருந்து கல்வி அமைச்சர்கள் இத்திட்டத்தைக் காண வந்தனர். இதனுள் இரண்டு முகங்கள் இருந்தன. எவரையும் வெளியே நிறுத்தாத திட்டம் அது. பல்கலைக்கழகத்தை எட்டிலொரு பங்கினருக்கு மட்டும் ஒதுக்கிய திட்டமும் அதுவே. ஹாப்பரின் ஆசையும் பிறவுணின் ஆசையும் ஒரே சட்டத்தில் நிறைவேறின எனலாம். அப்பத்தாண்டில் நாடெங்கும் 450 க்கு மேற்பட்ட புதிய சமுதாயக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கணக்கிட்டால் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று.

அவ்வாண்டிலேயே, அதாவது 1960 இல், பேட்டன் கிளாக் என்னும் சமூகவியலாளர், சான் ஹோசே நகரத்துக் கனிட்ட கல்லூரியை ஆராய்ந்து தாம் கண்டதை வெளியிட்டார். சேர்ந்தவரில் மூன்றிலிரு பங்கினர் பல்கலைக்கழகம் செல்லும் எண்ணத்தோடு வந்தனர். சென்றவரோ மூன்றிலொரு பங்கினர். எஞ்சியோர்க்கு என்ன நிகழ்ந்தது? எவரும் அவர்களை வெளியேற்றவில்லை. முதலிற் சேர்வுப் பரீட்சை. அதிற் குறைந்தோர்க்கு ஆயத்த வகுப்பு. பின்னர் ஆலோசகரோடு உரையாடல். பின்னர்த் தன் திறமையைத் தானே அளந்து பார்க்கும் ஒரு பாடம். புள்ளி குறைந்தால் எச்சரிக்கைக் கடிதம். இவ்வாறு படிப்படியாக, பொறியியலாளனாக வந்தவன் பொறியியல் உதவியாளனாவதே தனக்குத் தகும் எனத் தானாகவே முடிவு செய்வான். கோபமின்றி ஆசையைத் தணிக்கும் இச்செயலுக்குக் கிளாக் சூட்டிய பெயர், எர்விங் கொவ்மன் 1952 இல் எழுதிய கட்டுரையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. சூதாட்டத்தில் ஏமாற்றப்பட்டவன் ஆத்திரங்கொண்டு காவற்றுறைக்கு ஓடாவண்ணம், ஏமாற்றியவரின் கூட்டாளி ஒருவன் அருகிருந்து அவனை ஆற்றுப்படுத்தும் தந்திரத்தையே அக்கட்டுரை விவரித்தது. உவமை கொடியது. கிளாக் கல்லூரியைப் பழித்தற்காக இதனைக் கூறினாரல்லர். எல்லாருக்கும் ஆசை ஊட்டிச் சிலருக்கே இடம் வைத்திருக்கும் சமூகம் இத்தகைய ஏற்பாடொன்றின்றி இயங்காது என்பதே அவர் முடிவு. ஆனால் படித்தவர் அதனை மறக்கவில்லை. 1989 இற் பிரின்ற், கராபெல் என்னும் இருவர் எழுதிய நூல், தொழிற்படிப்பின்பால் மாணவரைத் திருப்பியது மாணவர் விருப்பமோ தொழிலதிபர் நெருக்குதலோ அன்று, கல்லூரித் தலைவர்கள் தமக்கென ஓர் இடந்தேடிக்கொண்ட முயற்சியே எனச் சான்றுகளோடு வாதித்தது.

தணிவதற்கு மறுத்த மாணவரும் இருந்தனர். ஓக்லண்ட் நகரின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் அமைந்திருந்த மெரிற் கல்லூரியில் 1960 களின் தொடக்கத்திற் சந்தித்தவர் ஹூயி நியூட்டன், பொபி சீல் என்னும் இருவர். தம் இனத்தவரின் வரலாறு பாடத்திட்டத்தில் இடம்பெறவேண்டுமென அங்கே கிளர்ந்த இளைஞருள் அவர்களும் இருந்தனர். 1966 அக்டோபரில் அவ்விருவரும் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் பெயர் பின்னர் உலகறிந்ததாயிற்று. கல்லூரியோ சில ஆண்டுகளிற் குன்றின்மேலுள்ள புதிய வளவுக்கு மாற்றப்பட்டது. அப்பகுதியினர் அதனை எதிர்த்தும் பயனில்லை. வேறொரு மூலையில், நவஹோ இந்தியக் குடியினர் 1968 இல் தமக்கெனச் சமுதாயக் கல்லூரியொன்றை நிறுவினர். அமெரிக்க ஆதிக்குடியொன்று தானே நிறுவிய முதற்கல்லூரி அது. முன்னைய அரசாங்கப் பாடசாலைகளிற் பேசினாற் தண்டனை கிடைத்த அவர்தம் தாய்மொழி, இக்கல்லூரியிற் பாடமாயிற்று. இன்று அதன் பெயர் டினே கல்லூரி. டினே என்பது அம்மக்கள் தம்மைத் தாமே அழைக்கும் பெயர். சமுதாயம் என்னும் அடைமொழி முழுப்பொருளோடு வழங்கிய இடம் இது.

பிற்கால நிகழ்ச்சிகளை விரித்தல் வேண்டா. கலிபோர்ணியா தன் கட்டணமில்லாக் கொள்கையை 1984 இற் கைவிட்டு, மதிப்பலகு ஒன்றுக்கு ஐந்து டொலர் அறவிடத் தொடங்கியது. 2012 இல் அது நாற்பத்தாறு டொலராக உயர்ந்தது. மறுபுறத்தில், ரெனசி மாநிலம் 2014 இற் சட்டமியற்றிப் பாடசாலை முடித்தோருக்கு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பைக் கட்டணமின்றி வழங்க முன்வந்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வழிச் சென்றன. ஆயத்த வகுப்புக்களிற் சிக்குண்டு ஆண்டுகளை இழந்தோர் பலர் உண்மையில் நேரே கல்லூரிப் பாடத்தைக் கற்கத் தக்கவராயிருந்தனர் என ஆராய்ச்சியாளர் காட்டியபின், கலிபோர்ணியா 2017 இல் அவ்வகுப்புக்களிற் கட்டாயமாகச் சேர்க்கும் முறையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. கிளாக் விவரித்த படிகளுள் முதற்படி இவ்வாறு ஓரிடத்திற் பெயர்க்கப்பட்டது.

இன்று ஐக்கிய அமெரிக்காவிற் சமுதாயக் கல்லூரிகள் ஆயிரத்துக்குச் சற்று மேல் உள்ளன. கலிபோர்ணியாவில் மாத்திரம் 116. மாணவரில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கினர் பகுதிநேரமாகவே பயில்கின்றனர். பாடசாலை முடித்த பையனருகே, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வந்த தாயும், ஆலை மூடப்பட்டதால் ஐம்பது வயதில் கணினி கற்க வந்தவரும், ஆங்கிலம் பழகும் அகதியும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். புதிதாகச் சேர்வோரில் நூற்றுக்கு எண்பது பேரளவில் நான்காண்டுப் பட்டத்தையே நாடி வருகின்றனர். 2015 இற் சேர்ந்தவரை ஆறாண்டு தொடர்ந்து கணக்கெடுத்தபோது, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றவர் மூன்றிலொரு பங்கினருக்குச் சற்றுக் குறைவு. கிளாக் சான் ஹோசேயிற் கண்ட கணக்கும் ஏறக்குறைய அதுவே. அவ்வாறு சென்று பட்டமும் பெற்றோர், தொடக்கத்திற் சேர்ந்த நூற்றுவரிற் பதினாறு பேர். ஜோலியற்றிலே ஆறு பேரோடு தொடங்கிய கல்லூரி இன்றும் அந்நகரில் நடைபெறுகிறது; மாலை வகுப்புக்களும் உண்டு.